சாரல் விழுந்த பதினேழு நாட்கள்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். நான்கு நாளாக இதே கடை டீயைத்தான் வாங்கித் தருகிறோம் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொல்கிறார். நேற்று வரைக்கும் எனக்கு அதை வாயில் வைக்க முடியவில்லை. மாஸ்டர் மாறியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த ஜன்னலைத் திறந்து வைத்ததும் நல்லதாகப் போயிற்று. நான்கு நாளும் அறை அடுப்படி மாதிரி வெந்துகொண்டிருந்தது.

காலையில் வரச் சொல்லி, சாயங்காலம் அனுப்பிவிடுகிறீர்கள். நானும் வந்து உட்கார்ந்து 'தெரியாது', 'ஞாபகமில்லை' என்று இரண்டே வார்த்தைகளில் பொழுதைக் கழித்துவிட்டுப் போனேன். இன்றைக்கு இவன் ஏன் தானாக வாயைத் திறக்கிறான் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். வர வேண்டியதுதான். இன்ஸ்பெக்டருக்கே சந்தேகம் வராவிட்டால் அப்புறம் யாருக்கு வரும்? விஷயம் ஒன்றும் பெரிதில்லை. யோசித்தேன், சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எதையும் யோசித்துச் செய்கிறவன் நான். இருபது வருஷமாக அதுதான் என் தொழில்.

என் பெயர் குத்தாலிங்கம். குற்றாலத்துச் சாமி பெயரை வைத்துக்கொண்டு அருவியில் குளிக்காத ஒரே ஆள் என்று ஊரில் கேலி செய்வார்கள். எனக்குச் சைனஸ். தலையில் தண்ணீர் விழுந்தால் மூன்று நாளைக்கு மண்டையிடி. தென்காசியில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் என் ஆபீஸ் இருக்கிறது. பங்குகளை வாங்கவும் விற்கவும் என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் நூறு பேருக்கு மேல். ஊரில் அதை ஷேர் கடை என்பார்கள். நானும் திருத்திப் பார்த்துவிட்டு, கடை என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடை ஆரம்பித்த இரண்டாம் வருஷம் ஒன்றைக் கவனித்தேன். ஆனி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, மலை மறைந்து, சாரல் விழ ஆரம்பித்ததும் என் மாடிப்படியின் சத்தம் மாறிவிடும். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார்கள். "லிங்கண்ணே, எதாச்சும் நல்லதாப் பாத்து வாங்கிப் போடுங்க" என்பார்கள். விலை கேட்க மாட்டார்கள். அதே ஆட்கள் சித்திரையில் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து, ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, "பேசாம வித்துப்புடலாமாண்ணே?" என்பார்கள். கம்பெனி அதேதான், பங்கு அதேதான். மாறியது வானம் மட்டும்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அகமது கபீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் மூட்டையின் மேல் கை வைத்தே அடியில் எத்தனை சொத்தை என்று சொல்லிவிடுவார். எந்த வெயிலிலும் எந்த மழையிலும் அவரை ஒரு கிலோவில் ஏமாற்ற முடியாது. அந்த மனுஷன் சாரல் விழுந்தால் சொன்ன விலைக்குப் பங்கு வாங்குவார், வெயில் ஏறினால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். எனக்குப் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரரை ஒரு தூறல் ஏய்த்துவிடுகிறதே என்று.

ஒரு நோட்டுப் போட்டேன். உங்கள் மேஜையில் இருக்கிறதே, அது ஒன்பதாவது நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, வானம் எப்படி, வந்தவர் என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது. இதை நான் மட்டும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். குளிர் நாடுகளில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பகல் குறையக் குறைய மனிதர்களுக்கு மனம் சோர்ந்து, ரிஸ்க் எடுக்கப் பயம் வந்து, பங்குகளை விற்கிறார்களாம். பகல் நீள ஆரம்பித்ததும் திரும்ப வருகிறார்களாம். நல்ல வெயில் அடிக்கிற காலையில் சந்தை கொஞ்சம் ஏறுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். அவர்களுக்கு வெயில் வந்தால் சந்தோஷம், நமக்கு வெயில் போனால் சந்தோஷம். மற்றபடி மனுஷன் எங்கேயும் மனுஷன்தான்.

தென்காசியில் சாரல் விழுந்தால் மும்பைச் சந்தைக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வேல்ராஜ் அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். இங்கே வருகிற அதே பருவக்காற்றுதான், மேடம், பத்து நாள் பிந்தி மும்பைக்குப் போகிறது. இங்கே ஒரு கபீர் தாவி ஏறினால், பத்து நாள் கழித்து அங்கே ஆயிரம் கபீர்கள் தாவி ஏறுவார்கள். மனம் குளிர்ந்து, கண்ட விலைக்கு வாங்குவார்கள். அப்படி ஏறியது இறங்கித்தானே ஆக வேண்டும்? அந்த இறக்கம் எனக்கு மட்டும் முன்கூட்டியே, என் ஜன்னல் வழியாகத் தெரிகிறது. இத்தனை காலம் இதை யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

சாரல் நேரத்தில் விற்கச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. "நல்லா இருக்கும்போது ஏன்ணே அபசகுனமாப் பேசுதிய?" என்றார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பணத்துக்கும் நடுவில் அவர்களுடைய மனசு உட்கார்ந்திருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பது என் கடமை என்று எனக்குப் பட்டது.

குற்றாலத்தில் குளிக்கப் போகிற எந்தக் கூட்டத்திலும் ஒருவன் குளிக்காமல் நிற்பான், பார்த்திருப்பீர்கள். தோளில் நாலு துண்டு, கையில் ஐந்து போன், சட்டைப் பையில் கண்ணாடி, வாட்ச், மோதிரம், சமயத்தில் யாருடைய பல்செட்டாவது. சாமான் பார்க்கிற ஆள். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீரைப் பார்ப்பது. அருவிக்குள் நிற்பவனுக்குத் தலைக்கு மேலே என்ன வருகிறது என்று தெரியாது. தண்ணீர் நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியுமாக வந்தாலோ கரையில் இருப்பவன்தான் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். வாடிக்கையாளர்களைக் குளிக்கக் கூட்டிப் போவது என் வழக்கம். சைனஸ் புண்ணியத்தில் எப்போதும் நான்தான் சாமான் பார்க்கிற ஆள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் காய்ந்த சட்டையோடு நின்று பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை அனுமதியோடுதான் நடந்தது. கபீர் அண்ணன் எண்ணெய் மசாஜுக்குப் படுத்திருந்தார். ஏதோ ஒரு பங்கை விற்கச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் விற்கும். "கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு லிங்கண்ணே, நீங்களே அமுக்குங்க. போனத் தொறக்க நம்பரு நாலு சைபரு" என்றார். அமுக்கினேன். அடுத்த வாரம் அவர் அருவிக்குள் நின்றபோது யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம், கூட்டம் இருக்காது என்று சொல்லி எல்லோரையும் பத்தரை மணி வாக்கில், சந்தை நடக்கிற நேரத்தில் கூட்டிப்போக ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்று அவர்களே போனைத் திறக்கிற நம்பரைச் சொல்லித் தருவார்கள்.

செய்தது இதுதான். அவர்களுடைய நல்ல பங்குகளை விற்று, சந்தை இறங்கினால் லாபம் தருகிற ஒப்பந்தங்களில் போட்டேன். ஐந்து நிமிஷ வேலை. வருகிற குறுஞ்செய்திகளை அழித்துவிட்டு, போனைத் துடைத்து, துண்டோடு சேர்த்து நீட்டுவேன். என் கைக்கு ஒரு பைசா வந்ததில்லை, நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். சந்தை நான் எதிர்பார்த்த நேரத்தில் இறங்கவில்லை, போட்டது கரைந்துபோயிற்று. சில சமயம் சந்தை தாமதிக்கும்.

வேல்ராஜ் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். அவருக்குக் கீழே நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்கள். சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆன பிறகும் வாழைப்பழச் சீப்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். வாழப்போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்ட மகள் வள்ளித்தாய்க்காக மேலகரத்தில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு நிறுத்தியிருந்தார். ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க என் வழியாகப் பங்கில் இருந்தது. அது கொஞ்சம் வளரட்டும், அப்புறம் சுவர் எழுப்பலாம் என்று சொன்னது நான்தான். என்னை நம்பினாரா என்று கேட்டால், இல்லை. மற்றவர்களை அதைவிடக் குறைவாக நம்பினார்.

இந்த வைகாசியில் வந்து பணத்தை எடுத்துத் தரச் சொன்னார்.

"ஒரு சீசன் பொறுங்க அண்ணாச்சி. சாரல் முடியட்டும்" என்றேன்.

"சாரலுக்கும் என் வீட்டுச் செவருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார். வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். அவர் கேள்வி கேட்பதை நிறுத்தினால் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

வள்ளித்தாய் இ-சேவை மையம் நடத்துகிறாள். அப்பாவின் கணக்கு விவரத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எதற்கு என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. உறுதியாகாத விஷயத்தை வீட்டில் பேச மாட்டார்.

ஆனி பிறந்து ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை வந்தார். நல்ல சாரல். நேராகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியை எனக்குக் காட்டினார். மடியிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். அவர் அதை எறிவதில்லை. ஸ்டேஷனில் டைரி எழுதிய கை. அன்றன்றைக்கு எங்கே போனார், எப்போது திரும்பினார், கூட யார், வெயிலா சாரலா என்று தாளின் பின்பக்கம் எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

"இத வாசி தம்பி" என்றார்.

போன வருஷத்து ஆடித் தாள் ஒன்று. 'பத்தே முக்காலுக்கு ஐந்தருவி. சாரல். பன்னிரண்டுக்குக் கரை ஏறியது. போன் லிங்கத்திடம்' என்று எழுதியிருந்தது.

"இப்பம் இத வாசி."

கணக்கு விவரம். அதில் எந்தப் பங்கு எந்த நிமிஷம் விற்றது என்று அச்சாகியிருக்கும். அதே தேதி, பதினொன்று பன்னிரண்டு.

"பதினொண்ணு பன்னெண்டுக்கு நான் தண்ணிக்குள்ள நிக்கேன். என் போனு உன் கையில இருக்கு. அப்பம் வித்தது ஆருலே?"

நான் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படிச் சத்தம், நோட்டு, பருவக்காற்று, மும்பை, எல்லாம். முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். என் கருத்தை அத்தனை பொறுமையாக யாரும் கேட்டதில்லை, மேடம். பாதியில் எனக்கு மனசு லேசாகிவிட்டது. புரிந்துகொள்வார் என்றே நினைத்தேன்.

"முப்பத்தஞ்சு வருசம் களவாணிப் பயலுவளப் பாத்தவன் நான்" என்றார் கடைசியில். "களவாணின்னா தனக்குன்னு எடுப்பான். நீ ஒத்தப் பைசா எடுக்கல. அதான் மொதல்ல எனக்குப் பிடிபடல. எல்லாத் தாளையும் எடுத்து வரிசையா அடுக்கிப் பாத்தேன். பதினேழு தடவ என் போன்ல கைய வச்சிருக்கே. பதினேழும் சாரல் விழுந்த நாளு."

"சாரல் அன்னிக்குத்தான அண்ணாச்சி குளிக்கப் போவோம்?"

"இல்லலே. ஐப்பசி கார்த்திகையில ஒம்பது தடவ போயிருக்கோம். அருவியில தண்ணி உண்டு, சாரல் கெடையாது. ஆடியிலயும் ஆறு நாளு சுள்ளுனு வெயிலு, அருவியில மட்டும் தண்ணி. அங்கனயும் என் போனு உன் கையிலதான் இருந்துச்சு. ஒண்ணையும் நீ தொடல. மேல சாரல் விழுந்த அன்னிக்கு மட்டும் உனக்குக் கை ஊறியிருக்கு. ஊருக்கெல்லாம் ஒரு பக்கம் போட்டியே, உனக்கு ஒரு பக்கம் போட்டியா? சாரலுக்கு ஆடுதவன் கபீரு இல்லலே, நீதான்."

திருடன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. இதைக் கேட்டபோது உடம்பெல்லாம் கூசியது. ஊரே ஆடும்போது ஆடாமல் நின்ற ஒருவன் என்றுதான் என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான். பதினேழு என்பது எந்த முடிவுக்கும் வரப் போதாத எண்ணிக்கை. தற்செயலாக அமைந்திருக்கலாம். அதை அவரிடம் விளக்கினேன். அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, ஆஸ்பத்திரியில் சீக்காளியைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் தாரேன்" என்றார். "நீயே வந்து வள்ளித்தாய்ட்டச் சொல்லு. அவ வீடுல்லா அது. வரலைன்னா உமாராணிட்டப் போயிருவேன்." உங்களைத்தான் சொன்னார், மேடம்.

அவர் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயில் பெரிதாகத் தெரியவில்லை. கபீர் அண்ணன் காதுக்குப் போகும். ஒன்பது நோட்டும் ஒரு நோயாளி எழுதிய டைரி என்று ஆகிவிடும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட, வானம் இருட்டினால் என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது. எழுந்து படி வரைக்கும் அவரோடு போனேன்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம குளிக்கப் போவோம். அங்கன வச்சுப் பேசி முடிச்சிக்கிடலாம்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"ஞாயித்துக்கெழம சந்தை லீவுல்லா" என்றார். "வாரேன்."

மேலகரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. சொந்தக்காரர் சென்னையில். தோப்புக்குள் ஓர் ஓடை, இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய அருவிகளில் கூட்டம் நெரியும் என்பதால் தெரிந்தவர்களை அங்கே கூட்டிப் போவேன். காவல்காரர் வேல்சாமி மேலே பாறைக்குப் பக்கத்தில் கொட்டகையில் இருப்பார். மேலே தண்ணீர் கூடினால் எனக்குப் போன் செய்வார். கூடின தண்ணீர் கீழே வந்து சேர எட்டு நிமிஷம் ஆகும் என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். அருவியிலிருந்து கரை ஏற அரை நிமிஷம் போதும்.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். வாட்ச், கண்ணாடி, மோதிரம், செருப்பு. போன் இல்லை.

"வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

மனுஷன் எவ்வளவு ஜாக்கிரதை, பாருங்கள். லீவு நாளாகப் பார்த்து வந்தார், போனைக் கொண்டுவரவில்லை. சந்தேகப்பட வேண்டியதில் பாதியைச் சரியாகச் சந்தேகப்பட்டிருந்தார். சாமான் பார்க்கிறவனுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. மற்றபடி அவர் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

தண்ணீர் வரும் என்று தெரிந்து கூட்டிப் போனாயா என்று முதல் நாளே கேட்டீர்கள். இல்லை. பேசத்தான் கூட்டிப் போனேன். பேச என்ன இருந்தது என்றால், அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து மலை உச்சியில் நல்ல மழை என்பது எனக்குத் தெரியும். நான் வானத்தைக் குறித்து வைக்கிறவன் அல்லவா?

பத்து ஐம்பத்திரண்டுக்கு வேல்சாமியிடமிருந்து அழைப்பு வந்தது என்று போன் கம்பெனிக்காரர்கள் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை.

"லிங்கண்ணே, மேல தண்ணி செவப்பா எறங்குது. கீழ ஆரும் நின்னா ஒடனே கரை ஏத்திருங்க" என்றார் வேல்சாமி.

"எல்லாரையும் ஏத்தியாச்சு வேல்சாமி" என்றேன்.

"நல்லதுண்ணே. நான் வந்து பாக்கவா?"

"வேண்டாம். கெளம்பிட்டோம்."

அதன் பிறகு எட்டு நிமிஷம் இருந்தது. வாட்ச் என் கையிலேயே இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியும். மூன்றாவது நிமிஷம் அண்ணாச்சி அருவியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். நான் போனில் பேசியதைப் பார்த்திருக்கிறார் போல. கண்ணாடி இல்லாததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. "ஆருலே போன்ல?" என்று கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் பதில் சொன்னால் கேட்காது. கையை உயர்த்தி விரல்களை அசைத்தேன். ஒன்றுமில்லை, நீங்கள் குளியுங்கள் என்கிற மாதிரி. தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் உள்ளே போனார். இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஊளையிட்டார். அவரை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் பார்த்ததேயில்லை.

ஆறாவது நிமிஷம் இலைகள் வந்தன. ஏழில் நிறம் மாறியது. அப்போதும் கூப்பிட்டிருக்கலாம். நான் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவரைக் கீழே பாறை இடுக்கிலிருந்து எடுத்தார்கள். சாமான்கள் எல்லாவற்றையும் நானே மேலகரத்துக்குக் கொண்டுபோய் வள்ளித்தாயிடம் ஒப்படைத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த அஸ்திவாரத்துக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாட்சைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, தண்ணி வாரது ஒங்களுக்குத் தெரியலையா?"

"கண்ணிமைக்கிற நேரம்மா" என்றேன்.

"அப்பா போன் எங்கண்ணே? குளிக்கப் போனா ஒங்க கையிலதான குடுப்பாவ?"

"வீட்லயே வச்சிட்டு வந்ததாச் சொன்னாவம்மா" என்றேன். மூன்றாம் நாள் அரிசி டப்பாவுக்குள் அந்தப் போனையும், அதோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காலண்டர் தாள்களையும் கண்டுபிடித்துவிட்டாள் என்று பிறகு உங்களிடமிருந்து தெரிந்துகொண்டேன். அப்பாவின் மகள். அவளுக்கு அந்த வீடு இனிமேல் எழும்பாது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டின் கடைசி வரியை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். 'ஞாயிறு. சாரல். வேல்ராஜ் அண்ணாச்சி: மிகுந்த மகிழ்ச்சி.' அன்று மத்தியானம் எழுதியது. கல்நெஞ்சக்காரன் என்று ரைட்டர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பார்த்ததைத்தான் எழுதினேன். இந்த நோட்டில் உன் பேருக்கு ஒரு பக்கம் எங்கே என்று நீங்களும் கேட்டீர்கள், அண்ணாச்சி கேட்ட மாதிரியே. எனக்குப் பக்கம் தேவையில்லை, மேடம். எனக்கு வெயிலும் சாரலும் ஒன்றுதான்.

ஆகவே விஷயம் இதுதான். பதினேழு தடவை அவர் பணத்தில் கை வைத்தது நான். எட்டு நிமிஷம் இருந்தும் கூப்பிடாமல் நின்றது நான். விபத்து இல்லை. கொன்றேன் என்றே போடுங்கள், வார்த்தை சரியாக இருக்கட்டும்.

ஏன் இன்றைக்கு என்று மறுபடியும் கேட்கிறீர்கள். காலையில் வீட்டிலிருந்து நடந்து வந்தேன். நான்கு நாள் வெயிலுக்குப் பிறகு மலை முழுசாக மறைந்திருந்தது. கீழப்புலியூர் தாண்டும்போது முகத்தில் லேசாகத் தூறல். சொல்லிவிட்டால் என்ன, எல்லாம் நல்லபடியாகத்தான் முடியும் என்று தோன்றியது. உங்கள் ஸ்டேஷன் படியைக்கூடச் சட்டென்று ஏறி வந்துவிட்டேன். நான்கு நாளும் சாத்திக் கிடந்த ஜன்னல் இன்றைக்கு ஏன் திறந்திருக்கிறது, என் நாற்காலியை அதன் பக்கத்தில் ஏன் போட்டிருக்கிறீர்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. காற்றுக்காக இருக்கும். சாத்திவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்று அண்ணாச்சியே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். மாஜிஸ்திரேட்டிடமும் இதையே, ஒரு வரி விடாமல் சொல்கிறேன். அவர் யோசித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கொடுப்பார் என்கிறீர்கள். அவகாசம் எதற்கு? யோசித்தாகிவிட்டது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், மேடம். நாளைக்கு வெயில் அடிக்கும் என்கிறார்கள்.